எழுதாத கணக்கு: காலநிலைப் பேச்சுவார்த்தையும் கும்மிடிப்பூண்டியும்



"உலகக் காலநிலைப் பேச்சுவார்த்தையில் வணிகத்தின் பங்கு" என்று தலைப்புக் கொடுத்து இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தீர்கள். ஜெனீவாவில் பேச வேண்டியதை எதற்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பேசப் போகிறாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்று காலை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் வந்தேன். அவருக்கான பதில் சன்னலுக்கு வெளியே இருந்தது.

எண்ணூர் தாண்டியதும் வண்டி கொசஸ்தலை ஆற்றைக் கடக்கிறது. வலப்பக்கம் வட சென்னை அனல்மின் நிலையம். ஏற்கெனவே 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் இன்னோர் அலகும் சேர்ந்தது. அத்திப்பட்டு அருகே வல்லூர் நிலையம், 1,500 மெகாவாட், என்.டி.பி.சி.யும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக நடத்துவது. 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் முதலில் கட்டப்பட்டதே அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். மீஞ்சூர், பொன்னேரி வரும்போது கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை. கவரைப்பேட்டையும் போய்விட்டால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை: உருக்காலை, ரோலிங் மில், ஸ்பாஞ்சு இரும்பு, வேதிப்பொருள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில், உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறதோ அது முழுவதையும் பார்த்துவிடலாம்.

பேச்சு நடக்கும் மண்டபத்தில் இந்த ஊருக்கு இருக்கை உண்டா? யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

பார்வையாளர் இருக்கை

1992இல் ரியோ மாநாட்டில் கையெழுத்துக்கு வந்த காலநிலை ஒப்பந்தம் நாடுகளுக்கு இடையிலானது. பேசும் உரிமையும் முடிவெடுக்கும் உரிமையும் அரசுகளுக்கே. மற்றவர்கள் பார்வையாளர்கள். பார்வையாளர்களை ஒன்பது குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சுற்றுச்சூழல் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், உழவர்கள், பழங்குடிகள், பெண்கள், இளைஞர்கள் என்று. அவற்றில் ஒன்று தொழில், வணிக அமைப்புகளின் குழு. பன்னாட்டு வணிகச் சபை அதற்குத் தொடர்பாளர். அந்தக் குழுவை மாநாட்டு வழக்கில் 'பிங்கோ' என்பார்கள். கிளப்புகளில் ஆடும் ஆட்டத்தின் பெயரும் அதுவாக இருப்பது தற்செயல்தான்.

வாக்கு இல்லாதவருக்கு என்ன பலம் இருக்க முடியும் என்று தோன்றும். ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். தீர்ப்புச் சொல்கிறவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தீர்ப்பை முதல் நாள் இரவே யாரோ ஒருவர் வீட்டில் பேசி முடித்திருப்பார்கள். காலநிலைப் பேச்சில் வணிகம் முதலில் கற்றுக்கொண்ட வேலை இந்த முதல் நாள் இரவு வேலைதான்.

1989இல் அமெரிக்காவில் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் நிறுவனங்கள் கூடி 'உலகக் காலநிலைக் கூட்டணி' என்று ஓர் அமைப்பைத் தொடங்கின. பெயரைக் கேட்டால் காலநிலையைக் காக்க வந்தவர்கள் போலிருக்கும். புவி வெப்பமாவதற்கு மனிதன் காரணம் என்பதில் சந்தேகத்தை வளர்ப்பதும், கட்டாயக் குறைப்பு எதுவும் வராமல் பார்த்துக்கொள்வதும் அதன் பணி. 1995இல் அவர்களுடைய விஞ்ஞானக் குழுவே அடிப்படை அறிவியலை மறுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தது. அதை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வேறு பேசினார்கள். 1997 ஜூலையில், கியோட்டோ மாநாட்டுக்கு ஐந்து மாதங்கள் முன்பு, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தத்தில் சேரக் கூடாது என்று அமெரிக்க செனட் 95-0 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. கியோட்டோ ஒப்பந்தத்துக்கு அமெரிக்கா கடைசிவரை ஒப்புதல் தரவே இல்லை. 1990களின் முடிவுக்குள் பி.பி., ஷெல், ஃபோர்டு ஒவ்வொன்றாக வெளியேற, 2002இல் கூட்டணி கலைந்தது. கலையும்போது அது தன் வேலையை முடித்திருந்தது.

கூட்டணி போனாலும் கூட்டம் குறையவில்லை. 2023இல் துபாயில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர். அங்கே நுழைவுச் சீட்டுப் பெற்ற எண்ணெய், நிலக்கரி, எரிவாயுத் தரப்பினர் குறைந்தது 2,456 பேர் என்று சுற்றுச்சூழல் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று பட்டியலிட்டது. அதே துபாயில்தான் புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்ற வாசகம் முதன்முறையாக முடிவுரையில் ஏறியது. ஆகவே வணிகம் எப்போதும் ஜெயிக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

வழிமுறை எண் 1

கெடுப்பது பழைய வேலை. அதைவிட நுணுக்கமான வேலை ஒன்று உண்டு: விதி எழுதுவது. அதற்கு நமக்கு நெருங்கிய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

கியோட்டோ ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு 'தூய வளர்ச்சி வழிமுறை' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பணக்கார நாடு தன் ஊரில் குறைப்பதற்குப் பதிலாக ஏழை நாட்டில் ஒரு திட்டத்தைச் செய்யவைத்து, அங்கே குறையும் கரியமிலத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஒரு டன் குறைத்தால் ஒரு கார்பன் வரவு. எப்படிக் கணக்கிடுவது என்ற வழிமுறையைத் திட்டம் போடுகிறவரே எழுதி அனுப்பலாம், ஐ.நா. வாரியம் சரிபார்த்து ஏற்கும். பரீட்சை எழுதுகிறவரே கேள்வித்தாளின் வரைவையும் அனுப்புவது போல. அப்படி ஏற்கப்பட்ட பெரிய திட்டங்களுக்கான வழிமுறைகளில் எண் 1 எது தெரியுமா? காற்றாலை இல்லை, சூரிய ஒளி இல்லை. எச்.எஃப்.சி.-23 என்ற கழிவு வாயுவை எரிப்பது.

குளிர்பதனத்துக்கான எச்.சி.எஃப்.சி.-22 தயாரிக்கும்போது கூடவே வரும் கழிவு அது. ஒரு டன் எச்.எஃப்.சி.-23 காற்றில் கலந்தால் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்பது அன்றைய கணக்கு. அதாவது ஒரு டன்னை எரித்தால் 11,700 வரவு. எரிக்கும் செலவோ வரவு ஒன்றுக்கு ஒரு யூரோவுக்கும் வெகு குறைவு. சந்தையில் வரவு ஒன்று பல யூரோவுக்கு விற்றது. இந்தியாவில் அந்த வாயு வெளிவந்த ஆலைகள் ஐந்தே. அவற்றில் ஒன்று எஸ்.ஆர்.எஃப். நிறுவனத்துடையது. மணலியிலும் கும்மிடிப்பூண்டியிலும் டயர் நூல், தொழில்நுட்பத் துணி ஆலைகள் வைத்திருப்பதால் உங்களில் பலருக்குப் பழகிய பெயர். வாயு ஆலை மட்டும் ராஜஸ்தானில். இன்னொன்று நம் மேட்டூரில், கெம்பிளாஸ்ட் சன்மார்.

யாரும் சட்டத்தை மீறவில்லை. விதியை நன்றாகப் படித்தார்கள், விதிப்படி சம்பாதித்தார்கள். ஆனால் கழிவு சரக்கைவிட அதிக லாபம் தரும் நிலை வந்தால், கழிவுக்காகவே சரக்கை உற்பத்தி செய்யத் தோன்றாதா என்ற கேள்வி உலகம் முழுவதும் எழுந்தது. 2013 மே முதல் இந்த வரவுகளை ஏற்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் கதவைச் சாத்தியது. 2016 அக்டோபரில், குளிர்பதன வாயுக்கள் பற்றிய கிகாலி மாநாடு நடந்த வாரத்தில், இந்திய அரசு ஐந்து ஆலைகளுக்கும் உத்தரவு போட்டது: இனி உங்கள் செலவிலேயே எரியுங்கள். பல ஆண்டுகள் உலகம் பணம் கொடுத்துச் செய்யவைத்த வேலையை ஓர் உத்தரவில் செய்ய முடிந்தது.

இதே ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழ்நாட்டு நூற்பாலைகள் தங்கள் மின்தேவைக்காகக் காற்றாலைகள் நட்டன. தனி மில் ஒன்றின் நான்கைந்து காற்றாடிகளை வைத்துக்கொண்டு ஐ.நா.வில் பதிவு செய்ய முடியாது; ஆவணச் செலவே வருமானத்தைத் தின்றுவிடும். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே திட்டமாகப் பதிவு செய்தது. திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கத்து மில் முதலாளியின் காற்றாடி, பான் நகரத்து ஐ.நா. பதிவேட்டில் இடம்பிடித்தது. 2012 முடிவில் வரவின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே சரிந்து எல்லாருடைய கணக்கும் கலைந்தது வேறு விஷயம். சின்னவர்கள் சங்கமாகப் போனால் உள்ளே விடுவார்கள் என்பதை அது காட்டிவிட்டது.

ஒரு சொல்லும் ஒரு வரியும்

2021 நவம்பர், கிளாஸ்கோ காலநிலை மாநாடு. கடைசி நேரத்தில் நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக 'ஒழிப்பது' என்றிருந்த சொல்லைப் படிப்படியாகக் 'குறைப்பது' என்று மாற்றக் கோரி எழுந்தவர் நம் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ். உலகப் பத்திரிகைகள் இந்தியாவைத் திட்டின. இந்தியர் ஒருவரின் கரியமிலக் கணக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன். உலகச் சராசரி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பொறுப்பு பொதுவானது, ஆனால் அவரவர் அளவுக்கு வேறுபட்டது என்பது 1992 ஒப்பந்தத்திலேயே இருக்கும் நீதி. அந்த வகையில் அமைச்சர் கேட்டதில் நியாயம் உண்டு. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் நிலக்கரி என்றால் தனியார் கம்பெனி. நம் நாட்டில் பெரும்பாலும் அரசே கம்பெனி: கோல் இந்தியா, என்.டி.பி.சி., மின்வாரியம். நம் வணிகம் மண்டபத்துக்கு வெளியே நின்று அரசின் காதைக் கடிக்க வேண்டியதில்லை. அரசின் இருக்கையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த உப்பங்கழியில் வலை போடுகிறவருக்குத்தான் அந்த இருக்கையில் இடம் இல்லை.

கிளாஸ்கோவில் சொல் மாறியதால் அத்திப்பட்டுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. கும்மிடிப்பூண்டிக்குக் கடிதம் வந்தது வேறு இடத்திலிருந்து.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் எல்லைக் கார்பன் வரி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சட்டத்தை இயற்றியது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை ஐரோப்பாவுக்குள் நுழைந்தால், அவற்றைத் தயாரிக்கும்போது வெளிவந்த கரியமிலத்துக்கு இறக்குமதியாளர் விலை கொடுக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் நுழையும் சரக்குக்குக் காசு. ஐரோப்பிய ஆலைகளுக்குத் தரும் இலவச ஒதுக்கீட்டைக் குறைக்கக் குறைக்க இந்தச் சுமை ஏறும்: 2026இல் 2.5 விழுக்காடு, 2030இல் 48.5, 2034இல் முழுவதும்.

இது பேச்சுவார்த்தையில் பிறந்த விதி இல்லை. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனதால் ஒரு தரப்பு தானே எழுதிக்கொண்ட விதி. காலநிலை நடவடிக்கை என்ற பெயரில் வணிகத்துக்கு மறைமுகத் தடை போடக் கூடாது என்று 1992 ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு சொல்வதை இந்தியாவும் சீனாவும் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் எடுத்துக் காட்டின. 2024இல் பாக்கு நகர மாநாட்டில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கேட்டன. 2025 நவம்பரில் பெலெம் நகரில், இதுபற்றி உரையாடல்கள் நடத்தலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. அவர்கள் உரையாடி முடிப்பதற்குள் நம் ஊருக்குப் படிவம் வந்து சேர்ந்துவிட்டது.

ஐந்தாவது கட்டம்

அந்தப் படிவத்தை நான் இங்கே ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் பார்த்தேன். நான் எரிசக்தித் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்; பழைய பழக்கத்தில் கூப்பிடுவார்கள், போவேன். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சு செய்கிற சின்னப் பட்டறை. நாற்பது பேர் வேலை. பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். சரக்கில் ஒரு பகுதி ஜெர்மனி போகிறது. முதலாளி மின்னஞ்சலை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

"சார், நாலு கட்டம் நானே நிரப்பிட்டேன். அஞ்சாவது கட்டம்தான். நான் வாங்குற இரும்புக்குள்ள எவ்வளவு கார்பன் இருக்குன்னு கேக்கறான். இரும்புல இருக்கிற கார்பன் டெஸ்ட் ரிப்போர்ட்ல இருக்கே, அதைப் போட்டுடவா?"

சிரிக்க முடியவில்லை. படித்த பல பேருக்கே புரியாத இடம் அது. அவர்கள் கேட்பது இரும்புக்குள் இருக்கும் கார்பன் இல்லை. அந்த இரும்பைச் செய்தபோது ஆகாயத்துக்குப் போன கரியமிலம். அதை இவர் எங்கே போய்த் தேடுவார்? இவர் உருட்டுக் கம்பி வாங்குவது இதே பேட்டையில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் உருக்காலையிடம். இருவருமாக அங்கே போனோம்.

இண்டக்‌ஷன் உலை. ஒரு டன் உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம். உலைவாய்க்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை; அதில் சாக்கட்டியில் ஹீட் எண், ஸ்கிராப் எவ்வளவு, ஸ்பாஞ்சு எவ்வளவு, மீட்டர் எவ்வளவு. ஷிப்ட் முடிந்ததும் சூபர்வைசர் அதை நீள நோட்டில் எழுதிக்கொண்டு பலகையை அழிக்கிறார். நான் அந்த நோட்டைத்தான் கேட்டேன். ஐரோப்பா கேட்கும் கணக்கில் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

ஸ்கிராப்புக்கு அவர்கள் கணக்கில் கரியமிலம் பூஜ்யம். எஃகைப் பொறுத்தவரை மின்சாரத்தின் கரியமிலத்தையும் அவர்கள் இப்போது சேர்ப்பதில்லை; அத்திப்பட்டுப் புகை ஐரோப்பாவின் ஏட்டில் ஏறாது, நம் நெஞ்சில்தான் ஏறும். கனம் முழுவதும் ஸ்பாஞ்சு இரும்பில். ஒரு டன் ஸ்பாஞ்சு செய்ய ஒரு டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒரு டன் ஸ்பாஞ்சுக்கு இரண்டு டன் கரியமிலம் என்று வைத்துக்கொள்வோம். உலையில் 600 கிலோ ஸ்பாஞ்சு போட்டால் 1.2 டன், 200 கிலோ போட்டால் 0.4 டன். அதே உலை, அதே ஆள், அதே கம்பி. ஐரோப்பாவில் டன் கரியமிலம் 75 யூரோ என்றால், 2034இல் இரண்டுக்கும் வித்தியாசம் டன்னுக்கு 60 யூரோ. சொந்தக் கணக்கு காட்டாதவருக்கு அவர்களே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். அது நமக்குச் சாதகமாக இருக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

நோட்டைக் கேட்டதும் உருக்காலைக்காரர் முகம் மாறியது. "காட்டறேன் சார், ஆனா காப்பி தரமாட்டேன்" என்றார். ஏன் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த நோட்டில் உண்மையான டன் இருக்கிறது. அது வெளியே போனால் ஜி.எஸ்.டி. அலுவலகம் ஒரு கேள்வி கேட்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு கேள்வி கேட்கும், பக்கத்து ஆலைக்காரர் விலையைத் தெரிந்துகொள்வார். கணக்கை வெளியே காட்டாமல் இருப்பது சோம்பலால் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இல்லை, அது பல ஆண்டுகள் பழகிய தற்காப்பு.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். நம் தொழில்துறையும் அரசிடம் அழுது பழகியது; உலக அரங்கிலும் அழுதுகொண்டே போகலாம் என்று நினைக்கிறது. அதே ஊர்க்காரர்கள்தான் எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்றும் சொல்லி வைத்தார்கள். காலநிலைப் பேச்சில் செல்லுபடியாவது இந்த இரண்டாம் பழமொழி. எச்.எஃப்.சி. ஆலைகள் சம்பாதித்தது கணக்கை மற்றவர்களுக்கு முன் எழுதியதால். நூற்பாலைகள் உள்ளே போனது கணக்கைச் சேர்த்து எழுதியதால். ஐரோப்பா வரி போட முடிவது கணக்கு எழுதும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டதால்.

என்ன செய்யலாம்

மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பேட்டைக்கு ஒரு பொதுக் கணக்கு. ஃபிளாஞ்சுக்காரருக்கு வேண்டியது உருக்காலைக்காரரிடம் இருக்கிறது; அவருக்கு வேண்டியது ஸ்பாஞ்சுக்காரரிடம் இருக்கிறது. தனித்தனியே ஒருவருக்கொருவர் நோட்டைக் காட்டமாட்டார்கள். இங்குள்ள உற்பத்தியாளர் சங்கங்கள், ரகசியம் காக்கும் ஒரு கணக்கரை நியமித்து, டன்னை மறைத்து விகிதத்தை மட்டும் வெளியிடலாம். வாங்குகிறவருக்கு வேண்டியது விகிதம்தான்.

இரண்டாவது, அந்தக் கணக்கோடு டெல்லிக்குப் போவது. அரசு 2023இல் கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2024 டிசம்பரில், ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழே கரியமிலம் வெளியிட்டால் 'பசுமை எஃகு' என்று வரையறுத்தது. இந்தியாவும் ஸ்வீடனும் 2019இல் தொடங்கிய தொழில்மாற்றக் கூட்டணியில் பெரிய எஃகுக் கம்பெனிகள் பேசுகின்றன. ஸ்கிராப்பை உருக்கும் சின்ன உலைதான் பல நேரம் அவர்களைவிடச் சுத்தமானது என்பதை யார் சொல்வது? எண் கையில் உள்ளவர் சொல்லலாம்.

மூன்றாவது கொஞ்சம் கசக்கும். ஹாம்பர்க்கில் இருக்கும் இறக்குமதியாளருக்குக் காட்டும் கணக்கை, சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் கிராம சபையிலும் காட்டுங்கள். இரவில் புகை விடுகிறார்கள், காலையில் மொட்டை மாடியில் கரி படிகிறது என்று இந்த ஊர்ப் பெண்கள் எத்தனையோ காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் கேட்பதும் அதே ஐந்தாவது கட்டம்தான். படிவம் மட்டும்தான் அவர்களிடம் இல்லை. ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருப்பவர் கேட்டால் நிரப்புவோம், அடுத்த தெருவில் இருப்பவர் கேட்டால் நிரப்பமாட்டோம் என்பது தொழிலுக்கும் அழகில்லை, ஊருக்கும் அழகில்லை.

கிளம்பும்போது அந்த உருக்காலையில் ஷிப்ட் மாறியது. ஒரு பையன் கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கப் போனான். உருக்காலைக்காரர் "இரு" என்றார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தார். யாருக்கு அனுப்பப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. துடைப்பதற்கு முன் எடுத்தார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

 வணக்கம்.